காது கிழிந்த கரடி, தலையாட்டாத தலையாட்டி, ஒரு நடைவண்டி

பெரம்பூரில் உள்ள என் அண்ணன் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில், அவர் மகள் சிறுவயதில் விளையாடிய பொம்மைகள் மூன்று இருந்தன. ஒரு காது கிழிந்து ஒரு கண்ணையும் இழந்த துணிக்கரடி ஒன்று, கழுத்துக் கம்பி துருப்பிடித்துத் தலை ஆடாமல் நின்றுபோன தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்று, முன்சக்கரம் கழன்ற மர நடைவண்டி ஒன்று. அண்ணன் மகளுக்கு இப்போது இரண்டு வயதைக் கடந்த பெண் குழந்தை இருக்கிறாள். "புதுசு எவ்வளவு வேணும்னாலும் வாங்கலாம் சித்தப்பா, ஆனா இந்த மூணும் அவ கைக்குப் போகணும்னு ஆசையா இருக்கு" என்று அவள் கேட்டதால் இந்த வேலையை எடுத்துக்கொண்டேன். பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இரும்பும் மரமும் கைவந்தவை. தையலுக்கு மட்டும் என் மனைவியை அருகில் அமர்த்திக்கொண்டு, அவர் சொல்லச் சொல்லச் செய்தேன்.

செய்த விதத்தை விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. குழந்தையிடம் "மெதுவா, மெதுவா" என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்பதைச் சொல்லால் காட்ட முடிவதில்லை. கையில் இருக்கும் பொருள்தான் அதைக் காட்டுகிறது. இவ்வளவு அழுத்தினால் தாங்கும், இதற்கு மேல் தாங்காது என்று விரல்களுக்குத் தெரிவிக்கும் குணம் நல்ல பொம்மைகளுக்கு இருக்கிறது. பழுது பார்க்கிறேன் என்ற பெயரில் அந்தக் குணத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதே இந்த வேலை முழுவதும் என் கவனமாக இருந்தது.

பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாடை முகத்தில் அடித்தது. சென்னையின் ஈரப்பதத்துக்கும் வெள்ளிமீன் பூச்சிக்கும் பயந்து நம் வீடுகளில் துணிகளுக்கிடையே அதைப் போட்டு வைப்பது வழக்கம். ஆனால் அதில் உள்ள நாப்தலின் சிறு குழந்தைகளுக்கு ஆகாது. குறிப்பாக, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு அந்த ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கக்கூடும். ஆகவே எந்தப் பழுதும் பார்க்குமுன், மூன்று பொம்மைகளையும் மொட்டை மாடியில் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் கொடியிலும் கூடையிலுமாக வைத்து, மூக்கை ஒட்டி முகர்ந்தாலும் வாடை தெரியாத வரை விட்டுவைத்தேன். வெயிலில் காய வைத்தால் சீக்கிரம் போகுமே என்று தோன்றும். நேர் வெயிலில் பழைய துணியின் சாயம் வெளுப்பதோடு இழைகளும் முறுமுறுவென்று ஆகிவிடும்.

கரடி

கரடியைப் பிரிப்பதற்கு முன் அதை மேசை மேல் கிடத்தி நன்றாகப் பார்த்தேன். எந்த இடத்தில் ரோமம் தேய்ந்திருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு குழந்தையின் கை பல காலம் இருந்திருக்கிறது. மூக்கின் நுனி வழவழவென்றிருந்தது. இடது காது மட்டும் வேரோடு இழுபட்டிருந்தது. அந்தக் காதைப் பிடித்துத்தான் அவள் அதை வீடெங்கும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். வயிற்றில் ஒரு பழைய ஒட்டுத்தையல் இருந்தது, அது என் அண்ணியின் கை. பிடரிப் பக்கம் பஞ்சு முற்றிலும் அமுங்கி, தலை தோளில் சாய்ந்திருந்தது. பஞ்சு குறைந்துபோய்த் தொங்குகிறது என்று நினைத்து அதையும் நிமிர்த்தித் தரும் எண்ணத்தில் இருந்தேன். படம் எடுத்து அனுப்பியதும் அண்ணன் மகளிடமிருந்து உடனே அழைப்பு வந்தது. "கழுத்தை மட்டும் நிமிர்த்திடாதீங்க சித்தப்பா. தூங்கும்போது என் கை போற இடம் அது."

பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்டு வின்னிகாட், குழந்தைகள் விடாமல் பற்றிக்கொள்ளும் போர்வை, துணிப்பொம்மை போன்றவற்றைப் பற்றி 1953இல் வெளியான கட்டுரையில் விரிவாக எழுதினார். அந்தப் பொருளைக் குழந்தை மட்டுமே மாற்றலாம், வேறு யாரும் மாற்றக் கூடாது என்பதைக் குழந்தைகள் வற்புறுத்துவதை அவர் கவனித்திருக்கிறார். அது அழுக்காகி நாற்றமடித்தாலும் தாய்மார்கள் துவைக்காமல் விட்டுவைப்பதற்கும் அவர் காரணம் கண்டார். துவைத்துவிட்டால் குழந்தையின் அனுபவத்தில் ஒரு தொடர்ச்சி அறுந்துபோகும் என்று அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. இந்தக் கரடியைப் பொறுத்தவரை அந்தத் தொடர்ச்சி தாயுடையது. விளையாடப் போவது அவள் மகள். ஆகவே துவைக்கலாம், உள்ளே உள்ள பஞ்சையும் மாற்றலாம், கழுத்துச் சாய்வை மட்டும் அப்படியே வைப்பது என்று அவளோடு பேசி முடிவு செய்துகொண்டேன். பிறருடைய பொம்மையைப் பழுது பார்ப்பவர்கள் இந்தப் பேச்சை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. எதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்பதோடு, எதைத் தொடக் கூடாது என்றும் கேட்க வேண்டும்.

துணிப்பொம்மைகளைப் பெரும்பாலும் முதுகுப்பக்கத்தில்தான் கடைசியாகக் கையால் தைத்து மூடியிருப்பார்கள். இயந்திரத் தையலின் இழைகள் ஒரே சீராக இருக்க, அந்த ஓரிடத்தில் மட்டும் இழைகள் சற்றே ஏறி இறங்கித் தெரியும். அங்கே தையல் பிரிக்கும் ஊசியை நுழைத்து, ஒரு தையல் விட்டு ஒரு தையலாக நறுக்கினால் துணி காயப்படாமல் திறந்துகொள்ளும். உள்ளே இலவம்பஞ்சு இருந்தது. இலவம்பஞ்சின் இழை உள்ளீடற்ற குழல், மேலே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடுப்புகளில் அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் இழை நீளம் குறைவு, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. ஆண்டுகள் போனதில் இந்தக் கரடிக்குள் பாதிக்கு மேல் தூளாகி, வயிற்றின் அடியில் கட்டிகளாக இறங்கியிருந்தது. சில கட்டிகளில் பூஞ்சையின் சாம்பல் நிறப் புள்ளிகளும் தெரிந்தன.

பழைய பஞ்சில் ஒரு பிடியாவது உள்ளே வைக்கலாமே என்று அண்ணன் கேட்டார். அவர் மனம் எனக்குப் புரிந்தது. இருந்தாலும் பூஞ்சை பிடித்த தூசியைச் சிறு குழந்தை முகம் புதைத்துத் தூங்கும் பொம்மைக்குள் வைக்க நான் சம்மதிக்கவில்லை. அந்த நினைவைக் காப்பாற்றத் துணி போதும்.

துவைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். வெள்ளைத் துணியை ஈரமாக்கி, கரடியின் அக்குள் போன்ற மறைவான இடத்தில் சிறிது நேரம் அழுத்தி வைத்தால், சாயம் போகிறதா என்று தெரிந்துவிடும். போகவில்லை. பூந்திக்கொட்டையைக் கொட்டை நீக்கி இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டினால் மென்மையான நுரை கிடைக்கும். பட்டுப்புடவைகளை இப்படித்தான் என் அம்மா அலசுவார். வெறும் தோலாக இருந்த கரடியை வெதுவெதுப்பான அந்த நீரில் அமிழ்த்தி, கசக்காமல், உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுத்தேன். தண்ணீர் மாற்ற மாற்றத் தேநீர் நிறத்தில் அழுக்கு இறங்கியது. முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்த பிறகு, மின்விசிறிக்குக் கீழே வலைக்கூடையில் பரப்பி வைத்தேன். துணியின் மடிப்புகள் முழுவதும் உலர்ந்ததை விரல் விட்டுப் பார்த்த பிறகே அடுத்த வேலை. நம் ஊரில் மேலே உலர்ந்ததுபோல் தோன்றும் துணி மடிப்புக்குள் ஈரமாகவே இருக்கும்.

காதுக்கு வந்தபோது இந்த வேலையிலேயே மிக முக்கியமான ஒன்றை என் மனைவியிடம் கற்றுக்கொண்டேன். கிழிந்த இடம் மறுபடி கிழியாமல் இருக்க வேண்டும் என்று எண்ணி, பை தைக்கும் கெட்டியான பாலியஸ்டர் நூலை வாங்கி வைத்திருந்தேன். அவர் அதை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, சாதாரணப் பருத்தி நூலைக் கோத்துத் தந்தார். பழைய துணியைவிட நூல் வலுவாக இருந்தால், அடுத்த முறை குழந்தை இழுக்கும்போது நூல் அறுபடாது. அது துணியை அறுத்துக்கொண்டு போய்விடும். துணி கிழிந்தால் ஒட்டுப் போட மறுபடி இடம் தேட வேண்டும். நூல் அறுந்தால் அதே துளைகளில் மறுபடி தைத்துக்கொள்ளலாம். அருங்காட்சியகங்களில் பழந்துணிகளைப் பேணுவோரும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள்: பிணைக்கும் பொருள், பிணைக்கப்படும் பொருளைவிடச் சற்று நலிந்ததாக இருக்க வேண்டும். முறுக்காணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளந்து இறுக்கியே வேலை பார்த்தவன் நான். விட்டுக்கொடுக்கும் இடத்தை முன்கூட்டியே தீர்மானித்து அங்கே பலவீனத்தை வைப்பது பணிமனைக்கும் புதிதல்ல. விலை உயர்ந்த பற்சக்கரம் உடையாமல் இருக்க மலிவான ஊசியாணி ஒன்று முதலில் முறியட்டும் என்று வடிவமைப்போம். அதைத் துணியில் பார்த்தபோது, குழந்தையின் கோபத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு தைப்பது இதுதான் என்று பட்டது. குழந்தை ஒருநாள் காதை இழுக்கத்தான் செய்வாள். இழுத்தது தெரிய வேண்டும், ஆனால் சரிசெய்ய முடியாததாக ஆகிவிடக் கூடாது.

காது இருந்த இடத்தில் தலைத்துணி நைந்திருந்ததால், உட்புறமாகப் பழைய வேட்டித் துணியில் ஒரு வட்டம் வெட்டி வைத்து, நைந்த விளிம்புகளை அதன் மேல் பரப்பிச் சின்னச் சின்ன ஓட்டுத் தையலாகப் பிடித்துக்கொண்டேன். புதுத் துணியைவிடப் பல முறை துவைத்த வேட்டித் துணி நல்லது. அது இனிச் சுருங்காது, விறைப்பும் இருக்காது. காதின் அடிப்பகுதியை அந்த வட்டத்தையும் சேர்த்துப் பிடித்துத் தைத்ததால், இனி இழுவிசை ஒரே புள்ளியில் விழாமல் பரவும்.

கண்களை நான் மாற்றியே தீர வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். மிஞ்சியிருந்த கண், கம்பிக் கொக்கியில் கோத்த கண்ணாடிக் குண்டு. வெர்னியரில் அளந்தால் 12 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மைகளில் சிறு பாகங்கள் இருக்கக் கூடாது என்பதைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் முழுவதுமாக அடங்கும் எதுவும் குழந்தையின் தொண்டையில் அடைக்கக்கூடியது என்று கொள்வார்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் விற்கப்படும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பரணில் கிடந்த பொம்மைக்கு அந்தச் சோதனையை நாம்தான் செய்ய வேண்டும். கண்ணாடிக் கண்ணை எடுத்துவிட்டு, இரண்டு கண்களையும் கறுப்பு நூலில் நிறைதையலாகப் போடுவது என்று தீர்மானித்தோம்.

கண் வைக்கும் இடத்தைக் குண்டூசி குத்தி அடையாளம் பார்த்தபோது ஒரு விந்தையைக் கண்டேன். பழைய கண் இருந்த உயரத்தில் ஊசிகளை வைத்தால் கரடி பெரிய மனிதரைப் போல் எங்கோ பார்த்தது. அரை விரற்கடை கீழே இறக்கிச் சற்று அகலமாகப் பிரித்து வைத்ததும், அது நம்மை நோக்கித் 'தூக்கிக்கொள்' என்று கேட்பதுபோல் ஆகிவிட்டது. அகன்ற நெற்றியும், முகத்தில் தாழ்ந்து அமைந்த பெரிய கண்களும், உப்பிய கன்னங்களும் கொண்ட முகத்தைப் பார்த்தால் பராமரிக்கத் தோன்றுவது மனிதரின் இயல்பு என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ் 1943இல் எழுதினார். பழைய கண்ணின் தழும்பு அங்கே இருந்ததால் முழுவதும் இறக்கவில்லை. தழும்பை மூடும் அளவுக்குக் கண்ணைச் சற்றுப் பெரிதாக்கி, அதன் எடையைக் கீழ்ப்பக்கம் சாய்த்துத் தைத்தோம்.

தைத்துக்கொண்டிருந்தபோது, குழந்தைகளுக்குப் போய் யார் கரடியைப் பொம்மையாகக் கொடுத்தார்கள் என்று என் மனைவி கேட்டார். 1902 நவம்பரில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போனபோது, உடன் வந்தவர்கள் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து அவரைச் சுடச் சொன்னார்கள். கட்டிவைத்த விலங்கைச் சுட மாட்டேன் என்று அவர் மறுத்தார். கிளிஃபோர்டு பெரிமன் அதைச் செய்தித்தாளில் கருத்துப்படமாக வரைய, நியூயார்க்கின் புரூக்ளினில் கடை வைத்திருந்த மோரிஸ் மிக்டமும் அவர் மனைவியும் துணிக்கரடி செய்து அதிபரின் செல்லப்பெயரான 'டெட்டி' என்பதையே அதற்கு வைத்தார்கள். கதையின் மறுபாதியையும் சொன்னேன். அந்தக் கரடி மிகவும் அடிபட்டிருந்தது. அதன் வேதனையை முடிக்கக் கத்தியால் கொன்றுவிடும்படி ரூஸ்வெல்ட்டே சொன்னார். படம் காட்டியது மறுத்த கையை மட்டும்தான். அதே காலத்தில் ஜெர்மனியில் கரடி பொம்மைகளைச் செய்து உலகுக்கு அனுப்பியது மார்கரெட்டே ஸ்டைஃப் தொடங்கிய பட்டறை. இளம்பிள்ளை வாதத்தால் சிறுவயதிலேயே கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர், 1880இல் குண்டூசி குத்தி வைப்பதற்காகக் கம்பளித் துணியில் சிறு யானைகளைத் தைத்தார். வாங்கிச் சென்ற வீடுகளில் குழந்தைகள் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு விளையாடத் தொடங்கியதைப் பார்த்தே அவர் பொம்மைத் தொழிலுக்கு வந்தார். ஊசி குத்துவதற்கென்று செய்த ஒன்றைக் குழந்தைகள் கட்டி அணைக்க எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கேட்டுவிட்டு, என் மனைவி கரடியின் நெற்றியில் செருகியிருந்த குண்டூசிகளைப் பிடுங்கி ஊசிமெத்தைக்கு மாற்றினார்.

நிரப்புவதற்கு மீண்டும் இலவம்பஞ்சையே போட மனம் விரும்பினாலும், எச்சிலும் பாலும் படப்போகும் பொம்மைக்கு ஃபைபர் பஞ்சே பொருத்தம். முழுதாகத் துவைத்து உலர்த்தலாம். சவுகார்பேட்டைச் சந்துகளில் தலையணைக்குப் போடும் தரத்தில் எடைபோட்டு விற்கிறார்கள். கட்டியாகத் திணிக்கக் கூடாது. விரல்களால் பிரித்துப் பிரித்துக் காற்றோட்டமாக்கி, முதலில் கைகால் நுனிகள், பிறகு முகம், கடைசியில் வயிறு என்று சிறிது சிறிதாக வைத்தேன். கழுத்தில் மட்டும் தலையைத் தாங்கும் அளவுக்கு ஒரு மெல்லிய திரியை வைத்து, சுற்றிலும் இடம் விட்டேன். மூடும் தையலை நூல் வெளியே தெரியாதபடி, இரு விளிம்புகளின் மடிப்புக்குள்ளேயே மாற்றி மாற்றி ஊசியைச் செலுத்திப் போட்டு இழுத்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

தலையாட்டி

2008-2009ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் பொம்மைகளில் இரண்டு வகை நமக்குப் பழக்கம். தள்ளிவிட்டாலும் எழுந்து நிற்கும் கனத்த அடி கொண்ட ராசா ராணி ஒன்று. பாவாடை, உடல், தலை என்று தனித்தனியாகச் செய்து ஒன்றின் மேல் ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்ட நாட்டியப் பெண் மற்றொன்று. எங்களிடம் இருந்தது இரண்டாவது. காகிதக்கூழ் உடல். கழுத்துக்குள் இறங்கும் தண்டின் மேற்பகுதியில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. அது உடலின் கழுத்து விளிம்பில் உள்ள பள்ளத்தில் அமர்ந்து ஊஞ்சல்போல் ஆட வேண்டும். கடற்காற்று அந்தக் கம்பியைத் தின்று, துரு பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கொசப்பேட்டையில் பரம்பரையாகக் களிமண் பொம்மை செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் செய்வது மண் பொம்மை, இது காகிதம், ஆனாலும் கையில் வாங்கித் தலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "கம்பி மாத்துங்க, பள்ளத்த ஆழமாக்கிடாதீங்க. உக்காந்துடுச்சுன்னா ஆடாது" என்றார். பித்தளைக் கம்பியை வளைத்து, பள்ளத்தில் படும் இடத்தை மட்டும் நீர் தொட்டுத் தேய்க்கும் நயமான உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துப் பொருத்தினேன். கழுத்து விளிம்பு பிய்ந்திருந்த இடத்தில், புளியங்கொட்டையை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துக் காய்ச்சிய பசையில் செய்தித்தாள் துண்டுகளை நனைத்து, ஒரு அடுக்கு உலர்ந்த பிறகு அடுத்த அடுக்கு என்று ஒட்டிக் கட்டினேன். பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள்; அது நஞ்சு என்பதால் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் சேர்க்கவில்லை.

இதன் பிறகுதான் சுவையான பகுதி. தலையின் எடைமையம் கம்பிக்குக் கீழே இருந்தால்தான் தலை நிலைக்கும். மிகவும் கீழே இருந்தால் வெடுக்கு வெடுக்கென்று ஆடி உடனே நின்றுவிடும். கம்பிக்கு வெகு அருகில், ஆனால் சற்றே கீழே கொண்டுவந்துவிட்டால், ஆட்டம் மெதுவாகி நெடுநேரம் தொடரும். தண்டின் அடியில் பழைய களிமண் உருண்டையைச் சிறிது சிறிதாகச் சுரண்டிச் சுரண்டி, ஒவ்வொரு முறையும் மாட்டிப் பார்த்தேன். பின்னிரவில் ஒரு முறை மாட்டிவிட்டு மூச்சு விட்டபோது, அந்த மூச்சுக்கே தலை அசைந்தது. அங்கே நிறுத்திக்கொண்டேன்.

தலை கழன்று வராதபடி உள்ளே ஒரு பூட்டுக் கம்பி போடலாம் என்று அண்ணன் சொன்னார். நான் போடவில்லை. இந்தப் பொம்மையை ஊதினால் ஆடும், ஒற்றை விரலால் தொட்டால் ஆடும், வேகமாக அடித்தால் தலை கழன்று உள்ளே சாய்ந்து ஆட்டம் நின்றுபோகும். மெல்லத் தொட்டவருக்கே அதிகம் கிடைக்கும் பொம்மை இது. பொத்தானை அழுத்தினால் பாடும் மின்கலப் பொம்மைகள் எங்கள் வீட்டிலும் இருக்கின்றன. அவற்றைத் தடவினாலும் குத்தினாலும் அதே பாட்டுத்தான். குழந்தையின் கை என்ன செய்தது என்பது அந்தப் பொம்மைக்குத் தெரிவதே இல்லை. அவற்றால் கெடுதல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அழுத்தத்தின் அளவைக் கை கற்றுக்கொள்ள அவை உதவா. தலையாட்டியின் பழைய வர்ணத்தில் என்ன இருக்குமோ என்பதால் அது அலமாரியில்தான் இருக்கும். பெரியவர் யாராவது மடியில் வைத்துக்கொண்டு காட்டும்போது மட்டும் அவள் ஊதுவாள், தொடுவாள்.

நவராத்திரி முடிந்து விசயதசமி இரவில், கொலுவிலிருந்து ஏதேனும் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் ஒவ்வொன்றாகத் துணி சுற்றிப் பெட்டியில் வைக்கும் வழக்கத்தை நம் வீடுகளில் எல்லாக் குழந்தைகளும் பார்த்து வளர்கிறார்கள். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வாங்கிய மண் பொம்மையின் சுண்டுவிரல் உடையாமல் சுற்றுவது எப்படி என்று என் அம்மா என் கையைப் பிடித்துக் காட்டியது இப்போதும் விரல்களில் இருக்கிறது. தலையாட்டியை அலமாரியில் வைக்கும் நேரத்தில் அந்தச் சுற்றும் வேலையைக் குழந்தையும் சேர்ந்து செய்யட்டும் என்று ஒரு மெல்லிய துணியைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

நடைவண்டி

இதில் சொல்ல அதிகம் இல்லை. பழைய சிவப்பு வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு உபயோக வர்ணங்களில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி வீடெங்கும் பரவும். குழந்தை இல்லாத இடத்தில், முகக்கவசம் அணிந்து, ஈரப்படுத்திக்கொண்டே சுரண்டி, சுரண்டலைக் காகிதத்தில் சேர்த்துக் கட்டி அகற்றினேன். குழந்தை கடிக்கக்கூடிய கைப்பிடிக் கட்டையை மட்டும் முழுவதுமாக மாற்றி, வர்ணம் பூசாத புதுக் கட்டையைக் கடைந்து போட்டேன். முன்சக்கரத்தின் தேய்ந்த மர அச்சுக்குப் பதில் போல்ட், இருபுறமும் வாஷர், கழலாத நைலான் நட்டு. நட்டைச் சற்றே இறுக்கி வைத்ததால் வண்டி தானாக ஓடிப்போகாது. அவள் தள்ளும் அளவுக்கே நகரும்.

ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றிலில் சிறுமியர், நாங்கள் மணலில் கட்டிய வீட்டைக் காலால் சிதைக்காதே என்று பிள்ளையிடம் இரந்து கேட்பார்கள். அது முடிந்து, பறை முழக்கிய பிறகே, தேரை உருட்டச் சொல்வார்கள். இந்த வரிசையை நான் பல முறை நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் நடைவண்டி வந்த சில நாட்களில் எங்கள் கூடத்தில் அதே வழக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவான். இவள் வண்டியை நேராக அதன் மேல் விடுவாள். அவன் அழுவான். "பாப்பா, அண்ணன் வீடு பாரு, சுத்திப் போ" என்று நாங்கள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. ஒருநாள் அவன் கரடியை எடுத்துவந்து வீட்டு வாசலில் உட்கார வைத்தான். வண்டி வந்தது, கரடிக்கு முன் நின்றது. அவள் கைப்பிடியை விட்டுவிட்டு வந்து, சாய்ந்திருந்த தலையை நிமிர்த்தப் பார்த்தாள்; அது மறுபடி சாய்ந்தது. பிறகு வண்டியைப் பின்னுக்கு இழுத்து, கட்டைகளைச் சுற்றிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் வீடுகள் இடியாமல் இல்லை. ஆனால் கரடி வாசலில் இருக்கும் நாட்களில் இடிந்ததில்லை.

மூன்றும் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, வண்டியின் நட்டையும் கரடியின் தையல்களையும் மாதம் ஒருமுறை பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். சென்ற முறை பார்த்தபோது கரடியின் இடது காது பாதி தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கைப் பக்கத்தில் வைத்து, காதின் அடியைப் பிரித்துப் பார்த்தேன். நூல் மட்டும் அறுந்திருந்தது. தலைத்துணியிலோ வேட்டித்துண்டிலோ ஓர் இழைகூடப் போகவில்லை. அதே பருத்தி நூலை அதே துளைகளில் ஓட்டித் தைத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த முறை வலது கை சேரும் இடத்தையும் உட்புறம் துணி வைத்துத் தாங்கிவிட வேண்டும். இப்போது அவள் அந்தக் கையைப் பிடித்துத்தான் அதை இழுத்துக்கொண்டு நடக்கிறாள்.